ராட் வாங்கும் முன் ஆற்றைப் பாருங்கள்: சைக்கிளில் போய் ட்ரௌட் பிடிக்க விரும்பும் தம்பிக்கு

ஷெஃபீல்டில் ஐ.டி. வேலையில் இருக்கும் கோவைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வார இறுதியில் சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டேன். பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போகும்போதெல்லாம் வை ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங் செய்பவர்களைப் பார்க்கிறேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. கார் கிடையாது. சைக்கிளிலேயே போய் மீன் பிடிக்க முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்? அப்புறம், பிடித்த மீனை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?"

தாராளமாக முடியும் தம்பி. கார் இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். இந்த இரண்டையும் பல வருடமாகச் சேர்த்தே செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், ட்ரௌட் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கக் கற்றுக்கொள்பவருக்குக் காரைவிடச் சைக்கிள்தான் நல்ல வண்டி. காரில் வருபவர் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முந்நூறு அடி ஆற்றை மட்டும்தான் தெரிந்துகொள்கிறார். சைக்கிளில் வருபவருக்கு ஒரே காலையில் பத்து மைல் ஆறு கண்ணில் படுகிறது. எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே மரநிழலில் தேங்குகிறது, எந்தப் பாலத்தடியில் மீன் நிற்கிறது என்பதெல்லாம் ஓட்டிக்கொண்டே மனதில் பதிந்துவிடும். ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது பூச்சிபோல் இறகு கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பதில், பாதி வேலை இதுதான். மீன் இல்லாத தண்ணீரில் எவ்வளவு அழகாக வீசினாலும் ஒன்றும் வராது.

அதனால் என் முதல் யோசனை, இந்த சீசனின் முதல் இரண்டு மாதம் ராட் (தூண்டில் கோல்) வாங்காதீர்கள். போலரைஸ்டு கண்ணாடி ஒன்று மட்டும் வாங்குங்கள். இருபது முப்பது பவுண்டுக்கே நல்லது கிடைக்கும். தண்ணீரின் மேல் விழும் வெளிச்சத்தின் பளபளப்பை அது வெட்டிவிடும். அதுவரை வெள்ளித் தகடாகத் தெரிந்த ஆறு அடிவரை திறந்து காட்டும். சைக்கிள் ஓட்டும்போது கண்ணில் பூச்சி விழாமலும் காக்கும். இரண்டு பொழுதுபோக்குக்கும் பொதுவான ஒரே முதலீடு அது.

நீங்கள் சொல்லும் வை, வேல்ஸ் எல்லையில் ஓடும் பெரிய வை ஆறு அல்ல. டெர்பிஷையரின் சின்ன வை. பக்ஸ்டன் பக்கம் பிறந்து, சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் வளைந்து வளைந்து ஓடி, பேக்வெல் ஊரைத் தாண்டி, ரௌஸ்லியில் டெர்வென்ட் ஆற்றோடு சேர்கிறது. சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் நீர் என்பதால் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும், தெளிவாகவும் இருக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் பாசியும் பூச்சியும் செழிக்கும். பூச்சி செழித்தால் ட்ரௌட் செழிக்கும்.

அந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே மான்சல் டிரெயில் போகிறது. பேக்வெல் அருகிலுள்ள கூம்ஸ் வயாடக்டிலிருந்து பிளாக்வெல் மில் வரை 8.5 மைல், சுமார் 13.7 கிலோமீட்டர். பழைய மிட்லண்ட் ரயில்பாதை அது. 1863இல் ரயில் வந்தது. பின்னர் எழுத்தாளர் ஜான் ரஸ்கின், ஒரு பள்ளத்தாக்கையே அழித்துவிட்டார்கள் என்று கொதித்து எழுதினார். பக்ஸ்டனுக்கும் பேக்வெலுக்கும் அரை மணியில் போய்வருவதற்கா இந்தப் பாறைகளை உடைத்தீர்கள் என்பது அவர் ஆத்திரம். 1968இல் பாதை மூடப்பட்டது. பிறகு நடைபாதையானது. ஆனால் நான்கு பெரிய சுரங்கங்கள் வெகுகாலம் அடைத்தே கிடந்தன. 2011இல்தான் அவற்றைத் திறந்து விளக்குப் போட்டார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நானூறு மீட்டர். அன்று ரஸ்கின் திட்டிய அதே பாதைதான் இன்று நம்மைப் போன்றவர்களை மோட்டார் சத்தமே இல்லாமல் ஆற்றோரம் கொண்டுபோய் விடுகிறது. அவர் பார்த்திருந்தால் மனம் மாறியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் எங்கும் கிடையாது. பேக்வெலிலிருந்து மேற்கே போகும்போது லேசாக ஏறும், அவ்வளவுதான். பையில் சாமான் ஏற்றிக்கொண்டு போக அதைவிட நல்ல பாதை கிடைக்காது. ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் வரும் சாலைதான் மேடும் பள்ளமும். கால் பழகும்வரை அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு, பேக்வெல் பக்கம் ஹாசப் ஸ்டேஷனில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சட்ட விஷயம். இங்கிலாந்தில் 'ஃபுட்பாத்' என்று போட்டிருக்கும் வழியில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. 'பிரைடில்வே' என்றிருந்தால் ஓட்டலாம்; 1968ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது. அங்கேயும் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். மான்சல் டிரெயிலிலும் நடப்பவர்கள், குழந்தைகள், சக்கர நாற்காலிக்காரர்கள், குதிரைகள் எல்லாரும் வருவார்கள். பெல் ஒன்று கட்டாயம் வேண்டும். டிரெயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் ஃபுட்பாத்தான். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து இறங்குங்கள்.

இப்போது ஆற்றைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். பேக்வெல் ஊருக்குள் பாலத்தருகே பெரிய பெரிய ட்ரௌட் நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் தீனி போட்டுக் கொழுத்த மீன்கள் அவை, அவற்றிடம் கற்க ஒன்றும் இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் மேலே ஆஷ்ஃபோர்ட் என்ற ஊருக்குப் போங்கள். ஷீப்வாஷ் பாலம் என்று பழைய கல்பாலம் இருக்கிறது. ஒரு காலத்தில் மயிர் கத்தரிக்கும் முன் ஆடுகளை ஆற்றில் இறக்கிக் கழுவிய இடம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை மட்டும் தெரியும்படி நின்று, அரைமணி நேரம் ஒரே மீனைப் பாருங்கள்.

முதலில் மீன் தெரியாது. ஆடும் நீர்ப்பாசிக்கு நடுவே வெளிறிய சரளைக்கல் தெரியும். அந்தச் சரளையில் ஒரு நிழல் மட்டும் நகராமல் நிற்கும். நிழலுக்கு மேலே பார்த்தால் மீன். தலை எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும், ஏனென்றால் தீனி மேலிருந்து வருகிறது. வாலை மெதுவாக அசைத்து அதே இடத்தில் நிற்கும். திடீரென்று வலப்பக்கம் அரையடி நகரும், வாய்க்குள் ஒரு வெள்ளை மின்னும், மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தண்ணீருக்கடியில் அடித்து வரும் நிம்ஃப் ஒன்றை, அதாவது இன்னும் இறக்கை விரியாத இளம் பூச்சியை, தின்றிருக்கிறது. இன்னொரு சமயம் மூக்கை மேலே தூக்கும். தண்ணீரில் ஒரு வளையம் விரியும். அது மேலே மிதந்த பூச்சி. அந்த மீன் எதற்கு நகர்கிறது, எதை விட்டுவிடுகிறது, எவ்வளவு தூரம் நகரத் தயாராக இருக்கிறது என்பதை அரைமணி பார்த்தால் போதும், எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது. ட்ரௌட் தன் முகத்துக்கு நேரே வருவதைத் தின்னும். இரண்டு அடி தள்ளிப் போவதற்காகச் சக்தியைச் செலவழிக்காது. பிற்பாடு நீங்கள் வீசும்போது குறி ஒரு தட்டு அளவுக்குள் விழ வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் சட்டென்று நிமிர்ந்தால் மீன் ஓடிவிடும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கித் தெரிகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் வருவது இது. அந்தச் சன்னலின் கூம்பு ஏறக்குறைய 97 டிகிரி. தாழ்வாக இருப்பதெல்லாம் சன்னலின் ஓரத்தில் நசுங்கி மங்கிவிடும். அதனால் குனிந்து போகிறவனுக்கும் நிமிர்ந்து போகிறவனுக்கும் மீனின் கண்ணில் பெரிய வித்தியாசம். மீனின் பின்பக்கமிருந்து, அதாவது நீரோட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததுதான்.

கரையோரம் ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லைத் தூக்கிப் புரட்டிப் பாருங்கள். அடியில் தட்டையாக ஓடும் குட்டிப் பூச்சிக்கு மூன்று வால் இருந்தால் மேஃப்ளை இனத்து நிம்ஃப். இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் துளிக் கற்களையும் ஒட்டிச் செய்த குட்டிக் குழாய் கல்லில் ஒட்டியிருந்தால் உள்ளே கேடிஸ் புழு. பார்த்துவிட்டுக் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமே வைத்துவிடுங்கள். நிம்ஃப் மாதக்கணக்கில், பெரிய மேஃப்ளை என்றால் இரண்டு வருடம் வரைகூட, ஆற்றடியில் வாழ்கிறது. பிறகு மேலே வந்து தோல் உரித்து இறக்கை விரிக்கிறது. இறக்கை வந்த பிறகு அதற்குத் தின்ன வாயே பயன்படாது. ஓரிரு நாளில் கூடி, முட்டையிட்டு, தண்ணீரிலேயே விழுந்து செத்துவிடும். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பெரிய மேஃப்ளை கூட்டம் கூட்டமாக எழும்பும் நாட்களில் சைக்கிள் ஹேண்டில்பாரிலேயே வந்து உட்காரும். கண்ணாடிபோல் நரம்போடிய இறக்கையை நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நீளமான மூன்று வால்களோடு. அப்போது வண்டியை நிறுத்தி நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைப் பெட்டியில் இருக்கும் போலி ஃப்ளைகளில் எதை எடுப்பது என்ற குழப்பம் அதற்கப்புறம் வராது.

சரி, இனி ராட். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டோ தக்கையோ இருக்கும், அதன் கனம்தான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டிய இறகுக்குக் கனமே கிடையாது. எனவே லைன் எனப்படும் நூலுக்கே கனம் கொடுத்து, அந்த லைனை வீசுகிறோம். ஃப்ளை அதன் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறது. கடையில் 4 வெயிட், 5 வெயிட் என்று சொல்வது இந்த லைனின் கனத்தைத்தான். முதல் 30 அடி லைன் எவ்வளவு எடை என்பதற்கான எண் அது. 5 என்றால் ஒன்பது கிராம் சொச்சம். வை போன்ற நடுத்தர ஆற்றுக்கு எட்டரை அல்லது ஒன்பது அடி ராட், 4 அல்லது 5 வெயிட், மிதக்கும் லைன் போதும். ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொடக்க செட் 100 முதல் 150 பவுண்டுக்குள் நல்லதாகவே வரும். ரீலில் பணத்தைக் கொட்ட வேண்டாம், இந்த அளவு மீனுக்கு அது லைன் சுற்றி வைக்கும் உருளைதான். மிச்சம் பிடிக்கும் பணத்தை ஒரு பயிற்சியாளருக்குக் கொடுங்கள். கேம் ஆங்லிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷனில் தேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு மணி நேரம், ஐந்து வருடத்துக் கெட்ட பழக்கத்தைத் தடுத்துவிடும்.

வீசும்போது எல்லாரும் கையின் பலத்தைப் பார்க்கிறார்கள். விஷயம் பலத்தில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. ராடை மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, பின்னால் சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் வளைந்த ராட் நிமிர்ந்து லைனைத் தள்ளும். லைன் பின்பக்கம் முழுதாக நீளும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் புதியவர்கள் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். லைன் சவுக்குபோல் சொடுக்கினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், முனையில் ஃப்ளை போயிருக்கும். பிறகு அதேபோல் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முள்ளுக்குப் பதில் கொஞ்சம் உல்லன் நூலைக் கட்டி, பூங்காப் புல்வெளியில் பதினைந்து நிமிடம் பழகுங்கள். தினமும் கொஞ்சம் என்பது வாரம் ஒருமுறை மூன்று மணி நேரத்தைவிட நல்லது. இருபத்தைந்து அடி தூரம் நேராக, மெத்தென்று விழவைக்க வந்துவிட்டால் வை ஆற்றுக்கு அதுவே தாராளம். பின்னால் மரம் இருக்கும் இடங்களுக்கு ரோல் காஸ்ட் என்ற வீச்சைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், இந்த ஆற்றில் அதுதான் சோறு போடும்.

ஆனால் உண்மையான சிரமம் வீசிய பிறகுதான் தொடங்குகிறது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேகமான நீரோட்டம் இருந்தால் அது லைனை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். லைன் ஃப்ளையை இழுக்கும். ஃப்ளை தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்த உண்மையான பூச்சியும் அப்படி ஓடாது. ட்ரௌட் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடியில் போய்விடும். டிராக் என்பார்கள் இதை. ஃப்ளை விழுந்தவுடனே ராட் முனையால் லைனை மேல்நோக்கித் தூக்கி வளைத்துப் போடுவதுதான் மருந்து. முனையில் கட்டும் டிப்பெட் என்ற நூல் மெல்லியதாக இருப்பதும் உதவும். 5எக்ஸ் என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிமன். எக்ஸ் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால் வருவது அந்தக் கணக்கு. முடிச்சுப் போடும்போது இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். உலர்ந்த நூலை இறுக்கினால் சூட்டில் பலம் குறைந்துவிடும்.

ஃப்ளை வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் முதல் வருடத்துக்கு நான்கைந்து போதும். மேலே மிதக்க ஒரு ஆடம்ஸ், ஒரு எல்க் ஹேர் கேடிஸ், மே கடைசிக்கு ஒரு பெரிய மேஃப்ளை. அடியில் போக ஒரு ஹேர்ஸ் இயர், ஒரு ஃபெசன்ட் டெயில். இந்தக் கடைசி நிம்ஃபைக் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் சாயர், வில்ட்ஷையரில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஆற்றுக் காவலர். நூலே இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பியையும் சேவல் ஃபெசன்டின் வால் இறகையும் மட்டும் சுற்றி அதைக் கட்டினார். செம்புக் கம்பியின் கனத்தால் அது மூழ்கும். வாழ்நாளெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் கையிலிருந்து வந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

எங்கே பிடிப்பது என்பதைக் கவனமாகப் படியுங்கள், இதில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் தடுமாறுகிறார்கள். ஆற்றங்கரையில் எல்லாரும் நடக்கலாம் என்பதால் எல்லாரும் மீன் பிடிக்கலாம் என்று ஆகாது. இங்கிலாந்தில் ஆற்று மீன்பிடி உரிமை கரை நிலத்துக்காரருக்குச் சொந்தம், அல்லது அவர் குத்தகைக்கு விட்ட சங்கத்துக்கு. அவர்களிடம் நாள் டிக்கெட்டோ சந்தாவோ வாங்க வேண்டும். விலை இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். அதற்கு மேல், 13 வயது ஆன யாரும் அரசின் ராட் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு, எட்டு நாளுக்கு, பன்னிரண்டு மாதத்துக்கு என்று இணையத்திலேயே வாங்கலாம். இரண்டும் வேண்டும்; ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது கிடையாது. ட்ரௌட் சீசன் அந்தப் பகுதியில் மார்ச் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தோடு முடிகிறது. சங்கங்கள் தங்கள் விதியில் இன்னும் குறுக்கி வைத்திருக்கலாம், டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். பேக்வெலுக்குக் கீழே ஹாடன் எஸ்டேட் நீரில் மிதக்கும் ஃப்ளை மட்டும்தான் போடலாம், பிடித்ததை விட்டுவிட வேண்டும்.

விடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நேர்மையான கேள்வி. மீன் குழம்புக்காக வளர்ந்த நாக்குக்கு இது விநோதமாகத்தான் படும். வை ஆற்றின் கதையைச் சொன்னால் புரியும். ரெயின்போ ட்ரௌட் இந்த நாட்டு மீன் அல்ல, வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. இங்கே பல ஏரிகளில் பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விடுகிறார்கள்; அவை இங்கே தாமாக இனம் பெருக்குவது மிக அபூர்வம். டெர்பிஷையர் வை அந்த அபூர்வங்களில் ஒன்று. நூறு வருடத்துக்கும் மேலாக ரெயின்போக்கள் இந்த ஆற்றிலேயே முட்டையிட்டு, பொரித்து, வளர்ந்து வருகின்றன. உங்களுக்கு இந்த மீன் முற்றிலும் அந்நியமும் அல்ல. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் இருப்பதும் இதே ரெயின்போதான். வெள்ளைக்காரர்கள் மலைக்குக் கொண்டுவந்து, 1907இல் அவலாஞ்சியில் அதற்கென்று பொரிப்பகமே கட்டினார்கள். ஒரு சின்ன ஆறு தாங்கும் மீனுக்கு அளவு உண்டு. நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டு எடுத்துப் போனால் சில வருடத்தில் காட்டு மீன் தீர்ந்து, பண்ணை மீனை லாரியில் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாகிவிடும். விடுவதால்தான் நாளைக்கும் அங்கே காட்டு மீன் இருக்கிறது.

ஆனால் விடுவதும் ஒரு வேலை, அதைச் சரியாகச் செய்யாதவர் விடாமலிருப்பதே மேல். எதிர்முள் இல்லாத முள்ளைப் பயன்படுத்துங்கள், அல்லது இடுக்கியால் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். மீனை நீண்ட நேரம் ஓடவிட்டுக் களைக்க வைக்காமல் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். ரப்பர் வலையில், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்து, நோய் தொற்றும். போட்டோ வேண்டுமென்றால் ஒரு நொடி. கடைசியாகத் தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்து நில்லுங்கள், தானே உதறிக்கொண்டு போகும்வரை. சைக்கிள் பையில் ஒரு சின்ன தெர்மாமீட்டரும் வையுங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் மீன் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. நீந்திப் போன மீன் அரைமணியில் செத்து மிதக்கலாம். அந்த நாளில் ராடைக் கட்டி வைத்துவிட்டு சைக்கிளை மிதிக்க வேண்டியதுதான். இரண்டு பொழுதுபோக்கு இருப்பதன் லாபமே அங்கேதான் தெரியும்.

மீன் சாப்பிட ஆசை இருந்தால் தப்பே இல்லை, அதற்கு ரட்லண்ட் வாட்டர் போன்ற பெரிய நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட ட்ரௌட், டிக்கெட்டில் சொன்ன எண்ணிக்கைக்குள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சைக்கிள் பாதையும் இருக்கிறது. நடுவில் நீண்டிருக்கும் ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேர்த்தால் 23 மைல். மஞ்சள், மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் ட்ரௌட் பிரமாதமாக இருக்கும், குழம்பைவிட வறுவலுக்குத்தான் ஏற்ற சதை.

சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது? நான்கு துண்டாகக் கழற்றும் ஒன்பது அடி ராட், குழாயோடு சேர்த்து முக்கால் மீட்டர் நீளம்தான் வரும். அதை முதுகுப்பையில் செங்குத்தாகச் செருகிக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. விழுந்தால் முதுகெலும்போடு ஒட்டி ஒரு கட்டை. பின்கேரியரில் நீளவாக்கில், பக்கப்பையின் மேல் இரண்டு பட்டையால் கட்டுங்கள். முனை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி ஒன்று. ஒரு பக்கப்பையில் வலை, ஃப்ளை டப்பா, மழைக்கோட்டு. மற்றதில் டியூப், டயர் லீவர், காற்றடிக்கும் பம்ப், சாப்பாடு. இரண்டு பக்கமும் கனம் சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் டிரெயிலின் சரளை தெரியாது. சீட் உயரம் சரியா என்று பார்க்க, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்துப் பாருங்கள், கால் நேராக நீள வேண்டும்.

ஆற்றில் இறங்க அணியும் நீர்புகாக் கால்சட்டையான வேடர்ஸை முதல் வருடம் வாங்காதீர்கள். கனம், விலை, காயவைக்கும் தொல்லை மூன்றும் இருக்கிறது. கரையிலிருந்து முழங்காலிட்டு வீசக் கற்றவர் ஆற்றில் இறங்கியவரைவிட அதிகம் பிடிப்பார். தவிர, சரளைப் படுகையில்தான் ட்ரௌட் முட்டையிடும், நம் பூட்ஸ் அதன்மேல் நடக்கக் கூடாது. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும்போது வலையையும் செருப்பையும் கழுவி நன்றாகக் காயவைத்தே போக வேண்டும். அமெரிக்கச் சிக்னல் கிரேஃபிஷ் சுமந்து வரும் நோய் ஈரமான சாமானோடு பயணம் செய்து, இந்த நாட்டு வெள்ளைக் கொடுக்கு கிரேஃபிஷை ஆறு ஆறாகக் கொன்றுவருகிறது. ஒரே நாளில் இரண்டு பள்ளத்தாக்கைத் தொடக்கூடிய சைக்கிள்காரருக்கு இந்தப் பொறுப்பு கூடுதல்.

உயரமான புல்லில் உட்கார்ந்துவிட்டு வந்தால் வீட்டில் கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் லைம் நோய் வரலாம். தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கும் சின்னக் கருவி மருந்துக் கடையில் கிடைக்கும். சைக்கிளில் விழுந்து கையில் சிராய்ப்பு இருந்தால் ஆற்றுத் தண்ணீர் படாமல் மூடிக்கொள்ளுங்கள்.

கோடை மாலையில் சூரியன் இறங்கிய பிறகு வரும் அரைமணிதான் ட்ரௌட்டுக்குச் சாப்பாட்டு நேரம். முட்டையிட்டு முடித்த பூச்சிகள் தண்ணீரில் விழும், ஆறு முழுக்க வளையங்கள். அந்த நேரத்தை யாரும் விட்டுவிட்டு வரமாட்டார்கள், நீங்களும் விட வேண்டாம். ஆனால் மான்சல் டிரெயில் சுரங்க விளக்குகள் பொழுது சாய்ந்ததும் அணைந்துவிடும். திரும்பும்போது நானூறு மீட்டர் கும்மிருட்டு, தரையில் ஈரம். நல்ல முன்விளக்கும் பின்விளக்கும் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும், மேல்சட்டை ஒன்று கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

அக்டோபரில் ட்ரௌட் சீசன் முடிந்த பிறகு ராடை மூலையில் வைக்க வேண்டியதில்லை. கிரேலிங் என்றொரு மீன், முதுகில் கப்பல் பாய்போல் பெரிய துடுப்போடு இருக்கும், அதற்கு மார்ச் 14 வரை சீசன். வை ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் டெர்வென்டிலும் இருக்கிறது. குளிர்காலத்தில் டிக்கெட் பெரும்பாலும் மலிவு, கூட்டமும் கிடையாது. அடியில் உருட்டிவிடும் நிம்ஃப் மட்டும் போதும், அதாவது உங்கள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஃபெசன்ட் டெயில். பனி உறைந்த காலையில் டிரெயிலின் நிழல் பகுதிகளில் ஐஸ் பிடித்திருக்கும். பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள், மீனும் தண்ணீர் கொஞ்சம் சூடேறிய பிறகுதான் வாய் திறக்கும்.